பழைய பைக்குக்கு டிஸ்க் வீல்: சக்கரம் மட்டும் மாறினால் போதுமா?

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. எங்கு பார்த்தாலும் திராட்சைப் பந்தல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே பைக் என்பது ஷோ காட்டுகிற பொருள் அல்ல. தோட்டத்துக்கு உர மூட்டை போவதும் அதில்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் அதில்தான், கம்பம்மெட்டு மலையேறிக் கேரளப் பக்கம் போய்வருவதும் அதில்தான்.

இப்படிப்பட்ட ஊர்களின் பட்டறைகளில் ஒரு கேள்வி புதிதல்ல: “அண்ணே, அப்பா ஓட்டுன வண்டி. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, பிரேக்குதான் பிடிக்க மாட்டேங்குது. முன்னாடி டிஸ்க் வீல் போட்டுத் தர்றீங்களா?” பதிலும் புதிதல்ல: “போட்ருவோம் தம்பி. பழைய சாமான் கடையில ஒரு செட் பாத்து எடுத்துட்டு வா.”

கேட்பவரின் ஆசையில் தப்பில்லை. சொல்பவரின் கைத்திறமையிலும் சந்தேகமில்லை. ஆனால் இருவருக்கும் நடுவே விடுபட்டுப் போகிற விஷயங்கள் சில இருக்கின்றன. மலையிறக்கத்தில் உயிரைத் தீர்மானிப்பவை அவைதான்.

ஆசை ஏன் நியாயமானது?

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் சக்கரம்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி, நொடிக்கு நொடி விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் சுமார் 28 மீட்டரில் நிற்கும். அதுவே 3 மீட்டர் வீதம்தான் குறைகிறது என்றால் 46 மீட்டர் ஆகும். இடையில் இருக்கும் 18 மீட்டரில் ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

பழைய வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் ட்ரம் பிரேக்தான். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 ஓர் உதாரணம். 98 சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில், ஆக்சிலரேட்டரை விட்டதும் வேகத்தை இழுத்துப் பிடிக்கிற ‘இன்ஜின் பிரேக்கிங்’ மிகக் குறைவு. மலை இறங்கும்போது முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். ட்ரம் தொடர்ந்து சூடானால் லைனரின் பிடிப்பு குறையும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போவதுபோல இருக்கும். திறந்த வெளியில் காற்று படுகிற டிஸ்க்கில் இந்தச் சிக்கல் குறைவு.

சக்கரம் தனி ஆள் இல்லை

முன் சக்கரம் என்பது ரிம், டயர், ஹப் மட்டும் அல்ல. அது ஃபோர்க், ஆக்சில், பிரேக், ஸ்பீடோமீட்டர் எல்லாவற்றோடும் சேர்ந்த ஒரு குடும்பம். ஒருவரை மட்டும் மாற்றினால் மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டும்.

முதலில் ஆக்சிலின் கனமும் ஹப்பின் அகலமும். புதிய ஹப்பின் பேரிங்குக்குள் பழைய ஆக்சில் தொளதொளவென்று நின்றால் புஷ் கடைந்து போடுவார்கள். இரண்டு பக்கமும் சரியான அளவில் ஸ்பேசர் வராவிட்டால் சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நிற்காது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்தது, பிரேக்கின் விசையைத் தாங்குகிற இடம். ட்ரம் வண்டியில், பிரேக் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழலாதபடி ஃபோர்க்கில் உள்ள ஒரு முனை அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு ஹப் போடும்போது அந்த முனை சரியாக உட்காராவிட்டால், பிரேக் அழுத்திய நொடியில் பிளேட்டே சுற்றிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டிஸ்க் என்றால் கேலிப்பரை ஃபோர்க்கில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். ட்ரம் வண்டியின் ஃபோர்க்கில் அதற்கான இடமே இருக்காது. அலுமினிய வார்ப்பில் தகடு வெல்டிங் வைத்துக் கேலிப்பரைத் தொங்கவிடுவது மிக ஆபத்தான குறுக்குவழி. அது விரிசல் விடுகிற நாள், பிரேக் மிக அவசரமாகத் தேவைப்படுகிற நாளாகத்தான் இருக்கும். ஏனென்றால் அன்றுதான் அதன் மேல் அதிக விசை விழும்.

மூன்றாவது, ஹேண்டிலில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர். ஒரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும் இன்னொரு வண்டியின் கேலிப்பரையும் ஜோடி சேர்த்தால், லீவர் கல்லாக இருக்கும் அல்லது கைப்பிடி வரை அமுங்கிவிடும். இரண்டின் பிஸ்டன் அளவும் பொருந்தினால்தான் பிரேக் சீராகப் பிடிக்கும்.

இன்ச் கணக்கு ஏமாற்றும்

“18 இன்ச்சுக்குப் பதிலா 17 போட்டா வண்டி தாழ்ந்துடும்” என்பது பொதுவான பேச்சு. கணக்கு போட்டால் அப்படியே இல்லை. 2.75-18 டயரின் மொத்த விட்டம் சுமார் 597 மி.மீ. 90/90-17 டயரின் விட்டம் சுமார் 594 மி.மீ. ரிம் ஒரு இன்ச் குறைந்தாலும் டயர் தடிமன் கூடுவதால் உயரம் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் 90/90-19 போட்டால் விட்டம் சுமார் 645 மி.மீ. ஆகிவிடும். முன் ஆக்சில் 24 மி.மீ. மேலே போகும். முன் சக்கரத்திலிருந்து ஓடுகிற பழைய ஸ்பீடோமீட்டரை அப்படியே விட்டால், முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-ஐ நெருங்கியிருக்கும். முன்பக்கம் உயர்ந்தால் ஃபோர்க் இன்னும் சாய்ந்து, கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் திரும்ப மந்தமாகும். சக்கரம் சின்னதாகி முன்பக்கம் தாழ்ந்தால் நேர்மாறு. ஹேண்டில் படபடவென்று திரும்பும், நேர்ச்சாலையில் நிலை தடுமாறும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது ரிம் எத்தனை இன்ச் என்பதை மட்டுமல்ல, டயரோடு சேர்த்து மொத்த உயரம் எவ்வளவு என்பதை.

டிஸ்க் போட்டால் ஆபத்து தீருமா?

பாதிதான் தீரும். வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பு. பழைய ஒல்லி டயரில் பலமான டிஸ்க் போட்டால், மழை ஈரத்தில் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டினால் வண்டியைச் சமாளிக்க வாய்ப்புண்டு. முன் சக்கரம் பூட்டினால் பெரும்பாலும் கீழேதான்.

இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குக் கீழ் உள்ளவற்றுக்கு முன்-பின் இணைந்த சி.பி.எஸ். என்பது 2019 ஏப்ரல் 1 முதல் முழுமையாகக் கட்டாயமானது. பட்டறையில் மாட்டுகிற டிஸ்க் செட்டில் இந்த இரண்டுமே இருப்பதில்லை. புது வண்டியின் தோற்றம் வந்துவிடும், புது வண்டியின் பாதுகாப்பு வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

“ஆர்.சி. புக்குல வீல் சைஸே போடலயே” என்ற வாதத்தை நம்பி இறங்குவது சரியல்ல. ஒரு மாற்றம் எல்லைக்குள் இருக்கிறதா என்று சொல்லும் அதிகாரம் பட்டறைக்கு இல்லை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத்தான் உண்டு. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதே கேள்வியைத்தான் கேட்கும்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில், இருக்கிற ட்ரம்மைச் சரியாக்கிப் பார்க்கலாம். பல வண்டிகளில் குறை பிரேக்கின் வகையில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. கண்ணாடிபோல் வழவழத்துப்போன பிரேக் ஷூ, துருப்பிடித்த கேபிள், கிரீஸ் காய்ந்த கேம், தேய்ந்து அளவு மீறிய ட்ரம், கல்லாகிப்போன பழைய டயர். இவற்றை மாற்றினாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். செலவும் டிஸ்க் செட்டைவிடக் குறைவு. மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குகிற பழைய பழக்கத்துக்கும் இன்றைக்கும் மதிப்புண்டு.

அதற்கும் மேல் டிஸ்க் வேண்டும் என்றால், அதே மாடலில் கம்பெனியே டிஸ்க்கோடு விற்ற வகை உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஃபோர்க், சக்கரம், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் என்று முழு செட்டாக மாற்றுவதுதான் பொறியியல் ரீதியாகச் சரி. அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்ட பிறகே தொட வேண்டும்.

கதவு இருக்கிறது, திறக்க வேண்டும்

சட்டத்தின் பயம் நியாயமானது. ஆனால் சைலன்சரைக் கழற்றிச் சத்தம் போடுகிறவரையும், பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. பெட்ரோல் வண்டியை எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு பதிவைத் திருத்த வழி இருக்கிறது. 2019 திருத்தமோ, மாற்றங்களுக்கான விதிமுறைகளை வகுக்கவும், பாதுகாப்புச் சாதனங்களைப் பொருத்தும்படி தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிடவும் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

அந்த அதிகாரத்தை பிரேக்குக்கும் பயன்படுத்தலாம். லட்சக்கணக்கில் விற்ற பழைய மாடல்களுக்கு, சோதித்து முத்திரை குத்திய முன் பிரேக் செட்டைத் தயாரிப்பாளர்கள் தர வேண்டும். அதைப் பொருத்த உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தர வேண்டும். புது வண்டி வாங்கக் கையில் காசில்லாத விவசாயிக்கும், அப்பாவின் வண்டியை விற்க மனசில்லாத பிள்ளைக்கும் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வழி அதுவாகத்தான் இருக்கும்.

அது வரும்வரை, “போட்ருவோம் தம்பி” என்ற பதிலுக்குப் பிறகு ஒரு கேள்வியைக் கேட்பது நல்லது: “போட்டுட்டு, உங்க பிள்ளைய பின்னாடி உக்கார வெச்சு கம்பம்மெட்டுல இருந்து இறங்கி வருவீங்களாண்ணே?” பதில் சொல்ல அவர் கொஞ்சம் யோசித்தால், பழைய சக்கரமே இருக்கட்டும்.