மார்ஃபின் மலையேறுமா?

‘மார்ஃபின் குடுத்தா அடிமையாயிடுவாங்க சார்!’ - நர்ஸ்கள் பலர் இன்னும் இப்படித்தான் சொல்கிறார்கள். டாக்டரே நாள் குறித்துவிட்ட புற்றுநோயாளி, அடிமையானால்தான் என்ன? (வலிக்கு அளவோடு கொடுத்தால் அடிமையாவது அபூர்வம் என்பது வேறு விஷயம்.)

நர்ஸைத் திட்டிப் பயனில்லை. 1985-ன் போதைப்பொருள் சட்டம் ஆஸ்பத்திரிகளையே மிரட்டி வைத்தது. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பயம் தளரவில்லை.

2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், கல்வராயன் மலையில் ஒரு குடிசைக்குள் துடிக்கிறவரைப் பார்க்கும் நர்ஸ், மார்ஃபின் எழுதித் தர முடியாது. டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். அதே மலையிலிருந்து கள்ளச்சாராயம் யார் கையெழுத்தில் இறங்கியது?

உகாண்டாவில், பயிற்சி பெற்ற நர்ஸே 2004-லிருந்து மார்ஃபின் எழுதித் தருகிறார். நம்ம நர்ஸ் எதில் குறைச்சல்? பயிற்சியோடு அந்தப் பேனாவையும் கொடுங்கள்.