சங்கிலி இல்லாத ஞாயிறு

தியானப் பகுதி: மாற்கு 2:23-28; எபிரெயர் 10:24,25



நம்முடைய சபைக் குடும்பங்களில் சிலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்க தேசத்தின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலை செய்து குடியிருக்கிறார்கள். கோடைக்காலத்தில் பெற்றோர் அவர்களைக் காணச் செல்லும்போது, பிள்ளைகள் ஒரு நாளாவது அட்லாண்டிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதுண்டு. அக்கரையோரத்தில் நீண்ட மணற்பரப்பை உடைய சிற்றூர்கள் அநேகம். அவற்றுள் ஓஷன் குரோவ் என்னும் ஊர், கடலாடுவதற்கு மட்டுமன்றி, விசுவாசி நின்று சிந்திப்பதற்கும் ஏற்ற இடமாகும்.

நியூயார்க் மாநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. வடக்கே வெஸ்லி ஏரி, தெற்கே பிளெட்சர் ஏரி, கிழக்கே மகா சமுத்திரம். 1869-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி நாளில் மெதடிஸ்டு ஊழியர்களும் விசுவாசிகளுமாகச் சிலர் இம்மணல்வெளியில் கூடாரமிட்டு ஜெபித்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் வில்லியம் ஆஸ்பர்ன், எல்வுட் ஸ்டோக்ஸ் ஆகிய போதகர்கள். அந்தச் சிறு ஜெபக்கூட்டமே பின்பு ஓர் ஊராயிற்று. பரிசுத்தமாகுதலை வலியுறுத்திய அக்காலத்து எழுப்புதலின் நீரோடைகளில் இதுவும் ஒன்று. 1906-இல் அசூசா தெருவில் பெருகிய பெந்தெகொஸ்தே வெள்ளத்திற்கு அந்த எழுப்புதலே வழி வெட்டியது. ஆகையால் அவ்வூருக்குச் செல்லும் பெந்தெகொஸ்தே விசுவாசி ஒருவகையில் தன் முன்னோரின் வாசலில் நிற்கிறான்.

1894-இல் எழுப்பப்பட்ட மரத்தாலான மகா ஆராதனை மண்டபம் ஊரின் நடுவே நிற்கிறது. 6,000 பேருக்கு மேல் அதில் அமரலாம். அதைச் சுற்றி இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட துணிக்கூடாரங்கள் கோடைதோறும் விரிக்கப்பட்டு, குடும்பங்கள் அவற்றில் வந்து தங்குகின்றன. மண்டபத்திலிருந்து கடலை நோக்கிச் செல்லும் அகன்ற வீதியில் ஓர் அழகான ஒழுங்கைக் காணலாம். கடலுக்கு அருகே வரவர வீடுகள் வீதியைவிட்டு மேலும் மேலும் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கின்றன. பின்வீட்டாருக்கும் கடற்காற்றும் கடற்காட்சியும் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே முன்வீட்டார் இடம்விட்டார்கள். பிறனை நேசிக்கும் கற்பனை அங்கே தெருவின் அமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது.

2012-ஆம் ஆண்டின் சாண்டி புயல் இவ்வூரின் கடலோர நடைபாதையையும் பாலத்தையும் சிதைத்தது. மண்டபக் கூரையின் ஒரு பகுதியையும் பெயர்த்தது. கடலுக்குள் நீளும் பாலம் சிலுவை வடிவில் மறுபடியும் கட்டப்பட்டு, 2023-இல் திறக்கப்பட்டது.

கடலில் இறங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஆழம் அதிகமில்லாத நீர்தானே என்று அட்லாண்டிக்கை அலட்சியம் செய்யலாகாது. கோடையிலும் அந்நீர் நம் வங்கக்கடலைப்போல வெதுவெதுப்பாயிராது. அலைகள் கரைமேல் குவிக்கும் நீர், ஒடுங்கிய பாதை ஒன்றைக் கண்டுபிடித்து விரைந்து கடலுக்குத் திரும்பும். அந்த இழுப்பில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைவிட்டு வெளியேறியபின் கரைக்குத் திரும்பவேண்டும். ஆகவே உயிர்காப்போர் காவலிருக்கும் வேளையில், அவர்கள் குறித்த எல்லைக்குள் மாத்திரமே இறங்குவது ஞானம். அவர்களுடைய விசில் நம் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கன்று, நாம் வீடு திரும்புவதற்கே ஊதப்படுகிறது.

இவ்வூரின் ஞாயிற்றுக்கிழமை வரலாறு நம் சிந்தனைக்குரியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே ஞாயிறன்று வாகனம் எதுவும் ஓடவில்லை. வாசல்களில் சங்கிலி கட்டப்படும். சனி நள்ளிரவுக்குள் குடியிருப்போர் தங்கள் கார்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட சட்டங்களை இயற்றும் அதிகாரத்தை அரசாங்கமே அந்த மதச் சங்கத்திற்கு அளித்திருந்தது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் அந்த அதிகாரத்தையே எதிர்த்து வழக்காடினார். ஒரு மதச் சங்கத்தின் கையில் அரசாங்க அதிகாரம் இருக்கலாகாது என்று 1979-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கிலி அவிழ்ந்தது.

ஆனாலும் கடற்கரை ஞாயிறு காலைதோறும் ஆராதனை வேளையில் மூடப்பட்டே இருந்தது. கரை பொதுமக்களுக்குரியது என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2023-இல் நடவடிக்கை எடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 155 ஆண்டு வழக்கம் மாறி, 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஞாயிறு காலையிலும் கரை திறக்கப்பட்டது.

இதைக் கேட்கும் சில பரிசுத்தவான்கள், “ஐயோ, ஒரு வேலி விழுந்துபோயிற்றே!” என்று துக்கப்படலாம். அத்துக்கத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஊர் முழுவதும் ஒரே நாளில் அமைதியாயிருப்பது பெரிய ஆசீர்வாதம். ஆனால் பிரியமானவர்களே, சற்றே யோசித்துப் பாருங்கள். நம் தேசத்தில் நாம் சிறுபான்மையினர். ஒரு மதத்தின் ஒழுங்கை அரசின் கையால் எல்லார்மேலும் சுமத்தலாம் என்றால், நாளை நம்முடைய ஜெபவீட்டின் கதவையும் அதே கை சாத்தலாமே! அங்கே நம்மவருக்கு எதிராகத் தோன்றும் அதே நியாயம் இங்கே நம்மைக் காக்கும் கேடகமாயிருக்கிறது.

சங்கிலி போனபின் ஆராதனை நின்றுபோயிற்றா? இல்லை. கோடையின் ஞாயிறுகளில் அந்த மண்டபத்தில் துதியின் சத்தம் இன்றும் எழும்புகிறது. வெளியே அலையும் மணலும் அழைக்கும்போது உள்ளே வந்து அமருகிறவன், கட்டாயத்தினால் அல்ல, அன்பினால் வருகிறான். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் போதித்தாரே. அது கைதியைக் கட்டும் சங்கிலியன்று. கரையில் நிற்கும் காவலனின் விசில்.

இனி நம்மிடத்திற்கு வருவோம். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நம் வாசலில் யாரும் சங்கிலி கட்டுவதில்லை. காவலாளியாகவோ, மருத்துவமனைச் செவிலியாகவோ வேலை செய்யும் சகோதர சகோதரிகளுக்கு ஞாயிறு விடுப்பு கிடைப்பதே அரிது. அவர்களை நியாயந்தீர்க்கவேண்டாம், அவர்களுக்காக வாரத்தின் வேறொரு வேளையில் சபை கூடட்டும். ஆனால் விடுப்பு உள்ள நாமோ? ஆறு நாள் மின்தொடர்வண்டியின் நெரிசலில் நசுங்கியபின், ஏழாம் நாளில் கடற்கரையும் கடைவீதியும் நம்மை இழுக்கின்றன. அந்த இழுப்பு பாவத்தின் கோரமுகத்தோடு வருவதில்லை. “ஒரே ஒரு வாரம்தானே” என்று மெதுவாய் வருகிறது. சில மாதங்களுக்குப்பின் திரும்பிப் பார்த்தால் கரை தூரத்தில் தெரிகிறது.

கடலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமுத்திரம் அவருடையது, அவரே அதை உண்டாக்கினார் (சங்கீதம் 95:5). தீருவின் கடற்கரையில் விசுவாசிகள் மனைவி பிள்ளைகளோடு முழங்காற்படியிட்டுப் பவுலோடு ஜெபம்பண்ணினார்கள் (அப்போஸ்தலர் 21:5). காலையில் ஆராதனை, மாலையில் பிள்ளைகளோடு கடற்கரை, திரும்புமுன் மணலில் ஒரு சிறு ஜெபம். இந்த வரிசையைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கண்டால், பின்பு எந்தத் தேசத்தில் குடியேறினாலும், தடுக்க ஒருவரும் இல்லாத கரையில் நின்றாலும், அவர்கள் கால் ஆராதனைக்கு நேராகத் திரும்பும்.

குடும்ப ஜெபத்தில் பேச:
1. கடந்த நான்கு ஞாயிறுகள் நம் வீட்டில் எப்படிக் கழிந்தன?
2. ஞாயிறு விடுப்பு இல்லாத யாரோடு இவ்வாரம் நாம் சேர்ந்து ஜெபிக்கலாம்?

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, எங்களைக் கட்டிவைக்க ஒருவரும் இல்லாத நாளிலும் உம்முடைய அன்பு எங்களை நெருக்கி ஏவட்டும். இழுப்பில் அகப்பட்டுத் தூரம்போன எங்கள் பிள்ளைகளை ஜீவனோடு கரைசேரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.