ஊருக்கு வெளியே ஓர் ஆட்சி!

'வட்டம்' என்பது நல்ல தமிழ்ச்சொல். 'தாலுகா' என்றும் 'கச்சேரி' என்றும் அயன்மொழியில் வழங்கிவந்தவற்றை அகற்றி, வட்டம் என்றும் வட்டாட்சியர் என்றும் பலகை எழுதிவைத்தபோது மகிழ்ந்தவர்களுள் யானும் ஒருவன். ஆனால் வட்டத்திற்கு ஓர் இலக்கணம் உண்டு. அதற்கு நடுப்புள்ளி ஒன்று இருத்தல் வேண்டும். விளிம்பில் நிற்கும் எல்லாப் புள்ளிகளும் அந்நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவனும் இதனை அறிவான். நம்மை ஆள்வோர் அறிந்திலர். நடுப்புள்ளியைப் பிடுங்கி எடுத்துப்போய், நான்குவழிச் சாலையின் ஓரத்தில், முள்வேலிக்குள் நட்டுவைத்து, 'பெருந்திட்ட வளாகம்' என்று பெயரும் சூட்டிவிட்டனர். திட்டம் பெரிதுதான், யாருக்கான திட்டம் என்பதே யாம் கேட்பது.

ஓரூர்க் கதை அன்று இது. வேலூரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில், தூத்துக்குடியில் கோரம்பள்ளத்தில், கரூரில் தாந்தோன்றிமலையில், திருவாரூரில் விளமலில், திருப்பூரில் பல்லடம் சாலையில். இவற்றுட் சில இடங்களை ஊரே வளர்ந்து பின்னாளில் எட்டிப் பிடித்தது என்பர். பிடித்தது, உண்மை. பிடிக்கும்வரை கழிந்த ஆண்டுகளில் அவ்வழியை நடந்து தேய்த்த கால்கள் யாருடையவை? தஞ்சையில் திருச்சிச் சாலைக்கு அலுவலகத்தைப் பெயர்த்தபின், நகரத்துள் இருந்த பழைய ஆட்சியர் அலுவலகத்தை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டனர். பொருத்தமான செயலே! குடிமகன் நடந்துவந்து கண்முன் நின்று முறையிடக்கூடிய தொலைவில் ஆட்சியாளன் அமர்ந்திருந்தான் என்பது, இனிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டவேண்டிய செய்திதானே!

பழைய வட்டாட்சியர் அலுவலகங்களை நினைந்து பாருங்கள். ஒரே சுற்றுமதிலுக்குள் வட்டாட்சியர், சார்நிலைக் கருவூலம், பதிவகம், குற்றவியல் நடுவர்மன்றம், ஒரு மூலையில் கிளைச்சிறை. வெள்ளையன் அவற்றைக் கட்டியது நம்மீது கொண்ட அன்பினால் அன்று; வரி தண்டவும் தளையிடவும் கட்டினான். ஆயினும் எங்கே கட்டினான்? சந்தைக்கும் வண்டிப்பேட்டைக்கும் அருகே கட்டினான். சந்தை நாளில் மாட்டை விற்க வந்தவன், வரியைக் கட்டி, ஆவணத்தைப் பதிந்து, உப்பும் புளியும் வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் ஊர் திரும்பினான். நாட்டைச் சுரண்ட வந்தவனுக்கு இருந்த இந்த உலகியலறிவு, நாட்டை வாழ்விக்க வந்ததாகச் சொல்வோர்க்கு இல்லாமற் போயிற்றே!

வெள்ளையனை விடுங்கள். மன்றம், அம்பலம், பொதியில் எனப் பொதுவிடத்திற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! ஊர் நடுவே, மரத்தடியில், யாவரும் வந்து நிற்கக்கூடிய இடத்திற்கே அப்பெயர்கள் வழங்கின. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த உத்தரமேரூரில், அக்கல்வெட்டுகளைத் தாங்கிய மண்டபம் இன்றும் ஊர்நடுவே நிற்கிறது. அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதி மங்கலம். உழுதவனுக்கு அவ்வவையில் இருக்கை இல்லை. இதனை யாம் மறந்திலோம். ஆயினும் அவை எங்கே கூடிற்று என்பது உழுதவனுக்கும் தெரிந்திருந்தது.

இனிக் கண்ணாற் கண்டதைச் சொல்லுகிறேன். ஊர்ப்பெயர் வேண்டா. என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் பாட்டி. அகவை எழுபதைக் கடந்தவர். 2023-இல் மாதம் 1,200 உருபாவாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை அவருக்கு நான்கு திங்களாக வரவில்லை. வங்கியில் வட்டாட்சியர் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். பேரன் வெளியூரில் வேலை. ஆகவே துணைக்கு யான் சென்றேன். காலை ஏழரைக்குச் சிற்றூரிலிருந்து புறப்பட்ட பேருந்து பழைய பேருந்து நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. முன்பெல்லாம் அங்கிருந்து அலுவலகம் கூப்பிடு தொலைவு. இப்போது இன்னொரு பேருந்து ஏறவேண்டும். அதற்கு நாற்பது மணித்துளிக் காத்திருப்பு. நெடுஞ்சாலையில் இறங்கினால் அலுவலகம் எதிர்ப்பக்கத்தில். நான்கு தடங்களிலும் ஊர்திகள் அம்பெனப் பறக்கின்றன. கடக்கப் பாலமும் இல்லை, கீழ்வழியும் இல்லை. நடுத்திட்டில் ஏறி நின்று என் கையைப் பற்றிக்கொண்ட பாட்டி, "ஐயா, இந்தச் சாலையத் தாண்டுறதுக்கே தனியா ஒரு உதவித்தொகை குடுக்கணும்" என்றார். நடுத்திட்டில் நின்று நகைக்கத்தான் முடிந்தது.

வாயிலிலிருந்து கட்டடம் வரை நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அலுவலர் மகிழுந்து மழையில் நனையாமல் வந்து நிற்க முகப்பில் பெருங்கூரை உண்டு. முறையிட வருவோர் நிற்கும் பக்கத்தில் கூரை இல்லை. எழுத்தர் நல்லவர், கடிந்து பேசவில்லை. "பதிவில் எண் பிழையாக இருக்கிறது; வங்கிக் கணக்கேட்டின் ஒளிப்படி கொடுங்கள், திருத்தி அனுப்புகிறேன்" என்றார். ஐந்து மணித்துளி வேலை. ஆனால் ஒளிப்படி எடுக்க அங்கே கடை இல்லை. பழைய அலுவலகத்தின் எதிரில் ஒளிப்படிக் கடைகளும், முறையீடு எழுதித் தருவோரும், இரண்டு உணவுக்கடைகளும் இருந்தன. அவற்றை யார் பெயர்த்துக்கொண்டு வருவார்? மீண்டும் ஊருக்குட் போய்ப் படியெடுத்துக்கொண்டு திரும்பியபோது பிற்பகல் இரண்டரை. எழுத்தர் கூட்டத்திற்குப் போய்விட்டார். சிற்றூர்க்குப் பேருந்து நான்கு மணிக்கு. அதை விட்டால் இரவுதான். இப்படியே நான்கு முறை. ஒருமுறைக்கு அவருக்கு நூற்றிருபது உருபாவிற்குக் குறையாமற் செலவு. அவர் மடியிலிருந்து சில்லறையை எண்ணி எண்ணி எடுத்ததைப் பார்த்தவன் யான். 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததே என்பீர். அது நகரப் பேருந்துகளுட் சிலவற்றிற்கு வந்தது. அவர் ஊருக்கு வருவது புறநகர்ப் பேருந்து.

அலுவலகத்தில் வேலை செய்வோரேனும் நலமாக உள்ளனரா? உயர் அலுவலர்க்கு அரசு ஊர்தி உண்டு. தட்டெழுத்தரும் உதவியாளரும் துப்புரவுப் பணியாளரும் எங்களோடு அதே பேருந்துக்குத்தான் காத்துநின்றனர். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பெண்பணியாளர், மாலை ஐந்தே முக்காலுக்கு உள்ள ஒரே பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கே பையைத் தோளில் மாட்டுகிறார். அவரைக் குறை சொல்லேன். இருட்டிய பின் அந்நெடுஞ்சாலை ஓரத்தில் தனியே நிற்க எந்தப் பெண் துணிவார்? 'அரசுப் பணியாளர் இருக்கையில் இருப்பதில்லை' என்று ஏளனம் செய்வோர், அவ்விருக்கையை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுக.

மறுதரப்பார் சொல்லுவன மூன்று. ஊருக்குள் நெரிசல், பழைய கட்டடம் இடிந்து விழும், எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. நெரிசல் உண்மையே. ஆனால் நெரிசலுக்குக் கரணியம் பேருந்தில் வந்த பாட்டியா, தெருவை அடைத்து நிற்கும் மகிழுந்தா? கட்டடம் பழுதென்றால் அங்கேயே இடித்து மேலெழுப்பலாம். வணிகர் தம் கடைகளை அதே தெருவில் நான்கு மாடியாக எழுப்பவில்லையா? இணையத்தைப் பொறுத்தவரை ஓர் உண்மையை ஒப்புக்கொள்வேன். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க முன்போல் அலைய வேண்டியதில்லை. இ-சேவை நடுவத்தில் பதிந்தால் வருகின்றன. நன்று. ஆனால் எளியன இணையத்திற் போயின, எஞ்சியவை அரியன. நிலத்தை அடுத்தவன் வளைத்துக்கொண்டான், பட்டாவில் பெயர் மாறிவிட்டது, தொகை நின்றுவிட்டது என்பவற்றிற்கு ஆள்தான் ஆளைப் பார்க்கவேண்டும். அவற்றிற்காகத்தானே திங்கள்தோறும், அதாவது ஒவ்வொரு திங்கட்கிழமையும், மாவட்ட ஆட்சியர் குறைதீர் நாள் நடத்துகிறார்? எல்லாம் கணினிக்குள் போய்விட்டது என்றால் நான்கு மாடிப் பெருங்கட்டடம் எதற்கு?

நாலாவது கரணியம் ஒன்று உண்டு. அதனை மேடையிற் சொல்லமாட்டார்கள். 'அலுவலகம் வருகிறது' என்ற பேச்சு எழுந்தவுடனே, அச்சாலையின் இருமருங்கும் எல்லைக்கல் நடப்படுகிறது, வண்ணக்கொடி பறக்கிறது, மனைப்பிரிவிற்கு ஒரு 'நகர்' பெயர் வந்துவிடுகிறது. அச்செய்தி உழவனுக்குக் கடைசியில்தான் தெரியும். மனைவணிகனுக்கு எப்படி முதலில் தெரிகிறது என்பதை வாசகரே ஆய்ந்துகொள்க.

நிலம் எடுக்கும் இடமும் கேள்விக்குரியதே. கள்ளக்குறிச்சியில் ஆட்சியர் அலுவலகத்திற்கு வீரசோழபுரத்துக் கோயில் நிலத்தைத் தேர்ந்தமையால் வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் திறக்கப்பட்டது உலகனேரிக் கண்மாயில். அக்கிளை தென்மாவட்ட மக்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. வழக்கிற்காகச் சென்னைக்கு இரவெல்லாம் பயணம் செய்த கொடுமை அதனால் ஒழிந்தது. ஆனால் வழக்குமன்றத்தை மக்களுக்கு அருகே கொண்டுவரக் கண்மாயைத்தான் தூர்க்கவேண்டுமா? ஏரி காக்க ஆணையிட வேண்டிய மன்றமே ஏரிக்குள் நிற்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். அலுவலகத்தைப் பெயர்த்தலே கூடாது என்பார் கட்சி எம் கட்சி அன்று. மயிலாடுதுறையார் மாவட்ட ஆட்சியரைக் காண, இடையே புதுவை ஆட்சிக்குட்பட்ட காரைக்காலைக் கடந்து நாகைக்குப் போய்வந்தனர். 2020-இல் அது தனி மாவட்டமாகி, தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டம் ஆயிற்று. 2019-இல் தென்காசி நெல்லையினின்று பிரிந்தது. அவை மக்களை நோக்கிய பெயர்ச்சிகள், வரவேற்றோம். சென்னையிலும் அப்படிச் செய்க. வேளாண்மைத் துறையின் தலைமையகம் சேப்பாக்கத்தில் கடற்கரை அருகே இருக்கிறது. அங்கே எந்த வயலில் நாற்று நடுகிறார்கள்? கைத்தறித் துறைக்குத் தலைமையிடம் சென்னை என்றால், தறி ஓடும் காஞ்சியும் ஈரோடும் எதற்கு இருக்கின்றன? செய்யவே முடியாதது அன்று இது. பட்டுவளர்ச்சித் துறையின் இயக்ககம் சேலத்தில் இருக்கிறது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் குன்னூரில் இருக்கிறது. அரசு இரப்பர்க் கழகம் நாகர்கோவிலில் இருக்கிறது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆனால் தலைநகரில் நடந்த பெயர்ச்சிப் பூசல்கள் எத்தகையவை? 1983-இல் ம.கோ. இராமச்சந்திரன் தலைநகரையே திருச்சிக்குக் கொண்டுபோக எண்ணினார், நாட்டின் நடு என்ற அளவில் அவ்வெண்ணத்தில் ஒரு முறைமை இருந்தது, நடக்கவில்லை. 2003-இல் செயலலிதா அரசு இராணி மேரி கல்லூரியை இடித்துச் செயலகம் கட்ட முனைந்தது; மாணவியர் போராடித் தடுத்தனர். 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்தில் கருணாநிதி அரசு புதுச் செயலகம் திறந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் செயலகம் மீண்டும் வெள்ளையன் கோட்டைக்கே போயிற்று. 2014-இல் புதுக்கட்டடம் மருத்துவமனை ஆயிற்று. நோயாளிகளுக்கேனும் பயன்பட்டதே என்று ஆறுதல் கொள்வோம். இத்தனை பூசலும் செயலகத்தின் கூரை எங்கே இருக்கவேண்டும் என்பதைப் பற்றியதே. உள்ளே தேங்கிய கோப்பு யார் மேசைக்கு, எந்த ஊருக்கு இறங்கவேண்டும் என்று ஒரு நாளும் எவரும் பூசலிடவில்லை. முன்னே திறப்புவிழா, பின்னே வழி என்பதே நம் அரசுகளின் முறை. 2023 திசம்பரில் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையத்தைத் திறந்தபோது, அருகில் ஓடும் தொடர்வண்டி நிற்க அங்கே ஒரு நிலையம் இல்லை.

எங்கள் வட்டத்திலும் இப்போது இடம் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். புறவழிச்சாலைக்கு அப்பால், கம்பு விளையும் கொல்லை; அளவைக்காரர் வந்து போயினர். இன்னும் ஆணை வரவில்லை. ஆகலின் அன்பர்கள் காலந்தாழ்த்தல் ஆகாது. வரும் அக்டோபர் 2 ஊராட்சிக் கூட்டத்தில், வட்டத்துச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஒரு தீர்மானம் எழுக: அலுவலகம் பேருந்து நிலையத்திலிருந்து நடை தொலைவைத் தாண்டலாகாது, பெயர்த்தே தீரவேண்டுமாயின், முதல் நாளிலிருந்தே மணிக்கு இருமுறை பேருந்தும், சாலை கடக்கப் பாலமும், நிழற்கூரையும் அமைந்த பின்னரே பெயர்க்கவேண்டும், நீர்நிலையில் ஒரு செங்கல்லும் வைத்தலாகாது. முதியோர் தொகை, பட்டாத் திருத்தம் இவ்விரண்டிற்கும் வாரம் ஒருநாள் அலுவலரே குறுவட்டத்திற்கு வந்து அமரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க. தீர்மானத்தின் படி ஒன்றை ஆட்சியர்க்கும் இன்னொன்றை இவ்விதழுக்கும் விடுக்க. ஒளிப்படிக் கடை இன்னும் ஊருக்குள்தான் இருக்கிறது.