வேராக வந்த பேரி

அயல்நாட்டு மரமொன்றைப் புதிய மண்ணில் நடுவதைப் பிறமொழிச் சொல்லைக் கடன் வாங்குவதோடு ஒப்பிட நமக்குத் தோன்றும். அந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். வேண்டாத சொல் வழக்கொழிந்துவிடும். வேண்டாத மரமோ விதை பரப்பிக்கொண்டே இருக்கும். கேலரி பேரியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

அமெரிக்காவில் வணிகப் பயிராக விளையும் பேரி, ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுசென்றது. வட அமெரிக்காவுக்கே உரிய தீக்கருகல் என்னும் பாக்டீரியா நோயைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. பூக்கள் கருகும், கிளைகள் தீயில் வாட்டியவை போலாகும், நோய் வேர்வரை இறங்கினால் மரமே மடியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசிபிக் கரைத் தோட்டங்கள் இந்நோயால் பேரிழப்பைக் கண்டன. ஓரிகனில் ரைமர் என்னும் ஆய்வாளர் நோய்தாங்கும் வேர்ச்செடியைத் தேடியபோது சீனாவின் கேலரி பேரி தேறியது. அமெரிக்க வேளாண் துறைக்காக ஃபிராங்க் மேயர் சீனாவில் அதன் விதைகளைத் திரட்டினார். 1918இல் யாங்சி ஆற்றில் அவர் வாழ்வு முடிந்தது.

அதுவரை நோக்கத்தில் குறையில்லை. 1963இல் அதே துறை, அவ்வினத்தின் 'பிராட்ஃபோர்டு' வகையை அழகுமரமாக வெளியிட்டது. தன் மகரந்தத்தால் தானே காய்க்காத மரம் என்பதால் எவரும் அஞ்சவில்லை. பிற வகைகளும் அருகருகே நடப்பட்டபோது சிறு கனிகள் குலுங்கின. பறவைகள் விதைகளைக் கொண்டுசென்றன. தரிசுகளும் சாலையோரங்களும் முட்காடாயின. ஓஹையோ 2023இலும் பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் 2024இலும் அதன் விற்பனையைத் தடைசெய்தன.

அயலது என்பதற்காகவே ஒரு மரத்தை வெறுப்பது நம் கருத்தன்று. ஐரோப்பியப் பேரியும் அம்மண்ணுக்கு அயலதே. நாம் குறைகாண்பது, தேவைப்பட்ட ஒரு பண்பை மட்டும் கண்டு மரத்தின் முழு இயல்பையும் அறிந்துவிட்டதாகக் கருதிய அவசரத்தை. அதே ரைமர் இல்லினாய் மாநிலத்தில் கண்டெடுத்த 'ஓல்டு ஹோம்', 'ஃபார்மிங்டேல்' ஆகிய ஐரோப்பிய இனப் பேரிகளின் கலப்பில் பிறந்த வேர்ச்செடிகள் இன்று குளிர்மிகு தோட்டங்களிலும் நிற்கின்றன. கடுங்குளிரைத் தாங்கும் ஆற்றல் கேலரிக்குக் குறைவு. தீர்வின் ஒரு பகுதி கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது.

புதிய கனியினத்தைக் குளிர்நிலங்களுக்குக் கொண்டுசெல்வோர், "இது இங்கே பிழைக்குமா?" என்றே முதலில் கேட்கின்றனர். "நன்கு பிழைத்துவிட்டால், வேலிக்கு அப்பால் என்ன செய்யும்?" என்பதையும் முதல் கன்றை நடும் முன்பே கேட்டாக வேண்டும். கேலரி பேரி அதற்கு விடை சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அத்தனை காலம் பொறுத்திருந்து பார்க்கும் வணிகம் எங்கே இருக்கிறது?