எத்தனைக்கு எத்தனை?

பதுளையிலிருந்து பசறைப் பக்கம் மேலேறும்போது, தேயிலைக்கு நடுவே செம்மண் தெரியும் சின்னச் சமதரை ஒன்று கண்ணில் படும். இரண்டு இரும்புக் குழாய்கள், கிழிந்த இடத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டிய ஒரு வலை. பள்ளத்துப் பக்கம் தேயிலைச் செடிகளுக்குள் இரண்டு பொடியன்கள் நிற்பார்கள். பந்து உருண்டு வந்தால் பிடித்து மேலே எறிவது அவர்கள் பொறுப்பு. மேட்டுப் பக்கம், மலையை வெட்டிய மண்கரையில், லயத்துச் சனம் குந்தியிருக்கும். உடற்கல்வி ஆசிரியராகவும் நடுவராகவும் இருபது வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட மைதானங்களில் நின்றிருக்கிறேன். ஆட்டக்காரரைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்த மண்கரையைத் திரும்பிப் பார்க்க வெகுகாலம் எடுத்தது. இந்த இதழின் ஆசிரியர் உரையை அந்தக் கரைக்காக ஒதுக்குகிறேன்.

பயிற்சி, தெரிவு, காயம், விதித் திருத்தம் என்று எத்தனையோ விடயங்களை இந்தப் பக்கங்களில் பேசியிருக்கிறோம். பார்க்க வருபவரைப் பற்றிப் பேசியது குறைவு. ஒரு ஆட்டம் ஏன் சனத்தைப் பிடித்து நிறுத்துகிறது, இன்னொன்று ஏன் பத்து நிமிடத்தில் கலைத்து விடுகிறது என்பதை ரசனை விடயம் என்று நாம் தள்ளிவிடுகிறோம். தோட்டத்தில் அது அப்படிச் சின்ன விடயம் இல்லை. வலை வாங்க நூறும் இருநூறும் கொடுப்பது கரையில் இருப்பவர்கள். மகளைப் பயிற்சிக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று வீட்டில் முடிவு செய்வதும் அவர்களே. மைதானத்துக்கு நிலம் விடச் சொல்லித் துரையிடம் போய்க் கேட்கும்போது நம் பின்னால் நிற்பதும் அவர்கள்தான்.

மலையில் கரப்பந்தாட்டம் இவ்வளவு வேர் விட்டதற்கு முதல் காரணம் நிலம் என்று நினைக்கிறேன். சர்வதேச அளவில் அமைக்கும் உதைபந்து மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். கரப்பந்துக்கு 18க்கு 9 போதும். சுற்றிவர மூன்று மூன்று மீற்றர் விட்டாலும் 24க்கு 15தான். ஒரு உதைபந்து மைதானத்தின் பரப்பு ஏறக்குறைய இருபது கரப்பந்துக் களங்களின் பரப்புக்குச் சமம். நமுனுகுலைச் சரிவிலோ தெமோதரைப் பக்கமோ 105 மீற்றர் சமதரைக்கு எங்கே போவது?

மலைச்சரிவில் களம் வெட்டுபவன் நீளப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்காகத்தான் வைப்பான். அப்போதுதான் மண் வெட்டும் வேலை குறையும். அப்படி வெட்டிய மண்கரை தானாகவே பக்கக் கோட்டின் ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும். கரப்பந்தாட்டத்தை வலைக்கு நேராக, சற்று மேலே இருந்து பார்ப்பதுதான் நல்லது என்பது நமக்குத் தெரியும். இரண்டு அணியும் ஒரே பார்வைக்குள் வரும். பந்து வலையைத் தாண்டும் உயரமும் தெரியும். நகரத்து விளையாட்டரங்குகளில் காசு கொடுத்துக் கட்டும் இருக்கையை எங்கள் சனத்துக்கு மண்வெட்டியே கொடுத்துவிட்டது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்தில், ஒரு மண்டபத்துக்குள் ஆடுவதற்காக வில்லியம் மோர்கன் அமைத்த ஆட்டம் இது. கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக 1916இல் இலங்கைக்கு வந்தது, 1991இல் தேசிய விளையாட்டானது. மண்டபத்துக்காகச் சுருக்கிய அளவு மலைக்குப் பொருந்திப் போனது.

நிலம் ஒரு பாதிதான். மறுபாதி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கரையில் ஒரு தரம் அமர்ந்து பந்தை விட்டுவிட்டுச் சனத்தின் முகத்தைப் பாருங்கள். ரிசீவ் எடுக்கும்போது எல்லோர் கண்ணும் கீழே இருக்கும். பந்து செட்டரிடம் போகும்போது பேச்சு குறையும். செட்டர் தூக்கியதும் தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிரும். பந்து மேலே நிற்கும் அந்த ஒரு கணத்தில், அடிக்கப் போகிறவன் ஓடி வருவது கரையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் புளொக்குக்கு எழும்புவதும் தெரியும். என்ன நடக்கப் போகிறது என்பது தெரியும், எப்படி முடியும் என்பது தெரியாது. "அடி!" என்ற சத்தம் அடிக்கு முன்னாலேயே வந்துவிடும். மூன்று தொடுகைக்கு மேல் கூடாது என்ற விதி இந்த எதிர்பார்ப்பைப் படி வைத்து ஏற்றுகிறது. வலை நடுவில் நிற்பதால் யாரும் யாரையும் மறைப்பதில்லை, பந்து யாருடையது என்ற சந்தேகமும் வருவதில்லை. விளையாட்டே தெரியாத பாட்டிக்கும் பந்து மண்ணில் விழுந்தால் கதை முடிந்தது என்பது புரியும்.

புள்ளி முறையை இங்கே கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும். நம்மில் மூத்தவர்களுக்குப் பழைய முறை ஞாபகம் இருக்கும். சேர்விஸ் போட்ட அணி வென்றால்தான் புள்ளி. மற்ற அணி வென்றால் சேர்விஸ் மட்டும் கை மாறும். பதினைந்து புள்ளிக்கு ஆடிய செட் ஒன்றில், பலகையில் எண் மாறாமலே நல்ல நல்ல ஆட்டம் பத்து நிமிடம் ஓடியிருக்கிறது. 1998இல் சர்வதேச சம்மேளனம் எல்லா செட்டிலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்று மாற்றியது. நான்கு செட்டுக்கு 25, ஐந்தாவதற்கு 15. அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். தற்காத்து நின்று சேர்விஸைப் பறிக்கும் பொறுமை போய்விடும் என்று வாதாடினேன். அந்த இழப்பு உண்மைதான். ஆனால் வேலை முடிந்து பாதி ஆட்டத்தில் வந்து நிற்கும் ஒருவரின் பக்கமிருந்து அதை நான் யோசிக்கவில்லை. அவர் பார்த்த முதல் பந்திலேயே எண் மாறுகிறது. தான் கண்ட அடிக்குப் பலன் இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது.

ஒரு விதி சனத்தை எப்படி விரட்டும் என்பதற்குக் கூடைப்பந்தாட்டத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் 1950 நவம்பர் 22இல் போர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, பலமான மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19க்கு 18 என்று வென்றது. முழு ஆட்டமும் சேர்ந்து 37 புள்ளி! பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். விதியில் தடை இல்லை. பார்க்க வந்தவர்களுக்குப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. 1954இல் 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற கடிகாரம் வந்த பிறகுதான் அந்த லீக் மூச்சு விட்டது. உதைபந்துக்கும் இதே நோய் வந்தது. 1990 உலகக் கிண்ணத்தில் 52 ஆட்டங்களில் 115 கோல்தான். பந்தைக் கோல்காப்பாளருக்கே திருப்பித் திருப்பிக் கொடுத்து நேரம் ஓட்டியதைச் சகிக்க முடியாமல், அப்படி உதைத்துக் கொடுத்த பந்தை அவர் கையால் தொடக் கூடாது என்று 1992இல் தடுத்தார்கள். கபடியில் வெறுங்கையோடு போய் வருவதற்கு, மூன்றாவது தடவை புள்ளி எடுக்காவிட்டால் ஆள் வெளியே என்ற விதி மருந்தானது.

எளிதாகப் புரிவதும் ரசிப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கிரிக்கெட்டைப் போல் புதியவருக்குச் சிக்கலான ஆட்டம் குறைவு. ஆனாலும் 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது, ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காம்பராக்களின் இஸ்தோப்பில் எத்தனை பேர் நெருக்கியடித்து நின்றார்கள் என்பது அந்த வயதுக்காரருக்குத் தெரியும். வர்ணனை காதில் விழுந்தது, ஆட்டமிழந்த பந்தை மறுபடி காட்டினார்கள். பக்கத்தில் நின்ற மாமா விளக்கம் சொன்னார். அதே சனம் தோட்டத்து மைதானத்தில் மென்பந்து கிரிக்கெட் நடக்கும்போது அரை மணி நேரத்தில் எழுந்து போகிறது. அங்கே சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, எண் தெரியவில்லை, பந்து வீசுபவன் என்ன செய்கிறான் என்பது எல்லைக் கோட்டிலிருந்து தெரிவதில்லை. ஆட்டம் மாறவில்லை, பார்ப்பவருக்குக் கிடைத்த உதவி மாறியது. நம் தொழிலுக்கு நம்பிக்கை தரும் செய்தி இதுதான். நிலத்தையும் விதியையும் நம்மால் மாற்ற முடியாது. உதவியை நாம் கொடுக்கலாம்.

கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற எளிய தேவையைக்கூட நாம் மறக்கிறோம். அப்புத்தளையில் பிற்பகலில் மூடுபனி இறங்கினால் வெள்ளைப் பந்து கரைந்து போகும். 1970 உதைபந்து உலகக் கிண்ணத்துக்குக் கறுப்பு வெள்ளைத் துண்டுகள் சேர்த்துத் தைத்த பந்தைச் செய்தது, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெரிவதற்காகத்தான். மஞ்சளும் நீலமும் கலந்த கரப்பந்து கிடைக்கும் இந்தக் காலத்திலும், மண்ணில் அடிபட்டுச் சாம்பல் நிறமான பழைய பந்தோடு இறுதிப் போட்டி நடத்துகிறோம். பயிற்சிக்கு அது போதும். இறுதிப் போட்டிக்கு ஒரு நல்ல பந்தை எடுத்து வையுங்கள்.

வலைப்பந்தாட்டத்தைப் பற்றி எனக்கு மனவருத்தமே உண்டு. பார்ப்பவருக்கு இவ்வளவு துணை செய்யும் ஆட்டம் வேறு இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் மார்பிலும் முதுகிலும் அவள் இடத்தின் எழுத்து இருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் போகலாம் என்பது அந்த எழுத்திலேயே அடங்கும். பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கோல் போட இரண்டே பேர்தான், ஆகவே யாரைக் கவனிக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற நம் அணியில், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் வளையத்தடியில் கை நீட்டி நின்றதை ஒரு தரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த வருடம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லோரையும் விட அதிக கோல் போட்டவரும் அவர்தான். இப்படியான ஒரு ஆட்டத்தைத்தான் நாம் வார நாளில், காலை பத்து மணிக்கு, வெறும் மைதானத்தில் நடத்தி முடிக்கிறோம். அந்த நேரம் அம்மாமார் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். மகள் மாகாண மட்டத்துக்குத் தெரிவானதைச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிகிறார்கள். எந்த எழுத்தை அணிந்து எங்கே நின்றாள் என்பதை அவர்கள் கண்டதே இல்லை. வலய மட்டத்திலாவது பெண் பிள்ளைகளின் அரையிறுதியையும் இறுதியையும் ஞாயிற்றுக்கிழமைக்கோ மாலைக் கொழுந்து நிறுவைக்குப் பிந்திய நேரத்துக்கோ மாற்றக் கேட்பது நம் கடமை. மாலையில் வெளிச்சம் போதாது என்று பதில் வரும். நான்கு கால் பகுதிகளும் பதினைந்து பதினைந்து நிமிடம் ஓட வேண்டும் என்று பாடசாலை ஆட்டத்துக்குக் கட்டாயம் இல்லையே. குறுக்கி நடத்தலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கரப்பந்து இறுதிப் போட்டிக்கு நடுவராகப் போனேன். விருந்தினருக்குப் பள்ளத்துப் பக்கம் பந்தல், அவர்களுக்கு நேரே புள்ளிப் பலகை. சனம் இருந்த மண்கரைக்குப் பலகையின் முதுகு. செட் இரண்டுக்கு இரண்டு ஆனது. ஐந்தாவது செட் தொடங்கியபோது கரையில் பாதிப் பேர் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நடுவர் நாற்காலியில் இருந்த எனக்கு நான்கு செட்டும் அது கண்ணில் படவில்லை. என் கைச் சைகைகளையும் கரைக்குத் தெரியும்படி நான் காட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் போகும் ஆட்டங்களில் பலகையை முதலில் கரைப் பக்கம் திருப்புகிறேன். பலகை இல்லாத இடத்தில் குரல் நல்ல ஒரு பொடியனைப் பிடித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் தமிழிலும் சிங்களத்திலும் கூவச் சொல்கிறேன். பள்ளத்துப் பக்கம் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேரை நிறுத்துகிறேன். பந்து தேயிலைக்குள் போய்த் தேடும் நேரம்தான் சனம் எழுந்து போகும் நேரம். இரண்டாவது பந்து கையில் இருந்தால் இன்னும் நல்லது.

போன மாதம் ஹாலிஎலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்றாவது செட் நடந்துகொண்டிருந்தது. மாலை நிறுவை முடிந்து நான்கு ஐந்து பேர், கொழுந்துச் சாக்கை மடித்துத் தலையில் போட்டபடி மேல் பாதையில் வந்தார்கள். நிற்காமல் போகிற வேகம்தான். அதில் ஒரு அம்மா நடந்தபடியே கீழே பார்த்துக் கேட்டார், "எத்தனைக்கு எத்தனைப்பா?"

"பதினெட்டுக்குப் பதினாறு! நம்ம டிவிஷன் முன்னுக்கு!" என்றான் பொடியன்.

சாக்கைக் கரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.