ஆயுள் தண்டனை யாருக்கு?

கணினி வழியே புகுந்து மின் நிலையத்தையும் மருத்துவமனையையும் முடக்குகிறவனுக்குத் தண்டனை வேண்டுமா? வேண்டும், கடுமையாகவே வேண்டும். மின்சாரம் நின்றால் வத்தலக்குண்டுக் கொடிக்காலில் வெற்றிலை வாடும். ஆஸ்பத்திரியில் மனிதன் சாவான். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால்தான் ஐயங்கள் எழுகின்றன, தோழர்களே!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, சர்க்கார் 'பாதுகாக்கப்பட்டது' என்று அறிவித்த கணினி அமைப்பில் அனுமதியின்றி நுழைந்தால், நுழைய முயன்றாலும், பத்தாண்டு வரை சிறை என்கிறது. 2008இல் சேர்த்த 66எஃப் பிரிவு ஆயுள் தண்டனை வரை போகிறது. வாள் கூர்மையாகத்தான் இருக்கிறது. வெட்டுப்பட்டவன் யார்?

கூடங்குளத்தைப் பாருங்கள். 2019 அக்டோபர் 29 அன்று, அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பைக் கணினி வழியே தாக்கவே முடியாது என்று நிலையத்தார் அறிக்கை விட்டார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்தது உண்மை; அணு உலைக் கட்டுப்பாட்டுக்கு அதோடு தொடர்பில்லை. அவர்களுக்குத் தகவல் வந்ததோ செப்டம்பர் 4ஆம் தேதி! எட்டு வாரம் நாட்டு மக்களுக்கு ஒரு வார்த்தை உண்டா?

அடுத்து டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23இல் ஐந்து சர்வர்கள் முடங்கின. நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. வழக்கில் 66எஃப் பிரிவும் சேர்க்கப்பட்டது. தாக்கியவர் யாரென்று தெரியவில்லை. வலைப்பின்னலை முறையாகப் பிரித்து வைக்காததே அவர்கள் புக வழியாயிற்று என்று சர்க்காரே நாடாளுமன்றத்தில் சொன்னது. பிரித்து வைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? கணினிப் பிரிவு ஊழியர் இருவர் இடைநீக்கம் என்று செய்தி வந்தது. மேலே இருந்தவர்கள்? கேட்காதீர்கள்!

வெளிநாட்டிலிருந்து அடிப்பவனைச் சட்டம் எட்டுவதும் அரிது. 2015 டிசம்பரில் உக்ரைனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. ஐந்தாண்டு கழித்து ரஷ்ய ராணுவ உளவுத் துறையினர் ஆறு பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. காகிதத்தில்தான்! கையில் அகப்படுகிறவன் உள்ளூர்க்காரன். ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000ஆம் ஆண்டு கழிவுநீர்க் குழாய்களின் கட்டுப்பாட்டைக் குலைத்து ஓடையிலும் பூங்காவிலும் சாக்கடையைப் பாய்ச்சியவன், அந்த அமைப்பை நிறுவிய கம்பெனியின் முன்னாள் ஊழியன். அவனுக்குக் கிடைத்தது இரண்டாண்டுச் சிறை. செய்த கேட்டை அளந்து கொடுத்த தண்டனை அது.

நம் 66எஃப் பிரிவிலோ அளவே இல்லை. தடை செய்யப்பட்ட தகவலை அனுமதியின்றி எடுத்து, அது நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யக்கூடும் என்றிருந்தால் குற்றம் என்கிறது. சரி. அதே வரிசையில் அவதூறு, ஒழுக்கக் கேடு, நீதிமன்ற அவமதிப்பு ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறார்கள்! அணுமின் நிலையத்தை முடக்குவதும் ஓர் அதிகாரியின் ஊழலை அம்பலப்படுத்தும் கோப்பும் ஒரே பிரிவில், ஒரே ஆயுள் தண்டனையின் நிழலில். மக்களவை இத்திருத்தத்தை 2008 டிசம்பரில் விவாதமின்றி நிறைவேற்றியது. அப்போதே பிறந்த 66ஏ பிரிவை, தெளிவற்ற சொற்களுக்காக, 2015இல் உச்ச நீதிமன்றம் அடித்து வீழ்த்தியது. 66எஃப் இன்னும் நிற்கிறது.

தெளிவற்ற சட்டம் என்ன செய்யும் என்பதை வத்தலக்குண்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்வூரில் பிறந்த சுப்பிரமணிய சிவா தூத்துக்குடி ஆலைத் தொழிலாளரிடம் பேசினார். 1908இல் ராஜத்துரோகம் என்று பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார் பின்ஹே துரை. அவருக்கு இடமளித்த வ.உ.சி. மீது அதற்காகவும் ஒரு தண்டனை! மேல்முறையீட்டில் குறைந்தாலும், சிவா சிறையிலிருந்து தொழுநோயோடுதான் திரும்பினார்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். 66எஃப் பிரிவிலிருந்து அவதூறும் ஒழுக்கமும் நீதிமன்ற அவமதிப்பும் நீக்கப்படட்டும். தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு போட்டார்கள். தெரிவிக்க வேண்டியது சர்க்கார் அமைப்பான செர்ட்-இன்னுக்கு, மக்களுக்கு அல்ல. மக்களுக்கும் சொல்லும் கெடு வேண்டும். பூட்டாமல் விட்ட நிர்வாகத் தலைமைக்கும் சட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கட்டும். விசைப்பலகை முன் உட்கார்ந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பிறகு விசாரிக்கலாம்.