இரண்டு சாட்சிகள்

புற்றுநோய்க்கு மருந்து தேடுவோர் முன்னாளில் நோய் எவ்வுறுப்பில் தோன்றிற்று என்றே முதற்கண் வினவினர். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழக்கிற்கு ஒரு மாறுதல் நேர்ந்தது. குடலாயினும் இரைப்பையாயினும் கருப்பையாயினும், கட்டியினிடத்து ‘மைக்ரோசாட்டிலைட் நிலையாமை’ என்னும் குறி காணப்பட்டு, முந்திய சிகிச்சையும் பலிக்காதாயின், பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைக் கொடுக்கலாமென அமெரிக்க ஐக்கிய நாட்டு மருந்து நிருவாகத்தார் அநுமதித்தனர். உறுப்பை நோக்காது குறியை நோக்கி அவர்கள் அளித்த முதல் அநுமதி இதுவே. குறியே மருந்தைத் தீர்மானிப்பதாயின், குறியை அறியும் சோதனை பிழைபடலாகாதன்றோ? அச்சோதனைகளைக் குறித்து நம் கருத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கக்கூடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழைகளை ஆராய்தலும் நம் பாடங்களுள் ஒன்றாதலின், இது நமக்கு முற்றிலும் அயலான பொருளன்று.

உயிரணு பிரியுந்தோறும் அதன் டி.என்.ஏ. முழுதும் பெயர்த்தெழுதப்படுகின்றது. அதன்கண் ஓரெழுத்தோ, ஆறெழுத்து வரையிலான சிறு தொடரோ மீண்டும் மீண்டும் அடுக்கி வரும் இடங்கள் பல உள. அவையே மைக்ரோசாட்டிலைட்டுகள். ஒரே எழுத்து இருபத்தைந்து முறை அடுக்கி வருமாயின், எழுதுவோன் ஒன்றைக் குறைத்தோ கூட்டியோ எழுதுதல் இயல்பே. இவ்வழுக்களைத் திருத்துவதற்கு எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்னும் நான்கு புரதங்கள் முதன்மையாய் நின்று தொழில் செய்கின்றன. திருத்துவோர் ஒழியின் வழுக்கள் மலியும், அந்நிலையே நிலையாமை. 1993-ஆம் ஆண்டில் பெருங்குடற் புற்றில் இது கண்டறியப்பட்டது. அப்புற்றுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 இவ்வகையின.

இதனை அறிய இரு வழிகள் நெடுநாளாக வழங்குகின்றன. திசுவை மெல்லிய சீவலாகச் சீவி, அந்நான்கு புரதங்களும் உளவா எனச் சாயமேற்றிப் பார்ப்பது ஒன்று. இது திருத்துவோரைத் தேடுவது. பி.சி.ஆர். என்னும் முறையால் குறித்த சில அடுக்குகளைப் பெருக்கி, அவற்றின் நீளத்தை அளப்பது மற்றொன்று. இது வழுவையே எண்ணுவது. 1997-இல் பெதஸ்டா நகரிற் கூடிய அறிஞர் இதற்கென ஐந்து இடங்களை வகுத்து, இரண்டிலேனும் மாறுபாடு காணின் அக்கட்டி உயர்ந்த நிலையாமையுடையது என்றனர். அவ்வைந்தில் மூன்று ஈரெழுத்து அடுக்குகள். ஓரெழுத்து அடுக்குகளே தெளிவாகக் காட்டுவனவெனப் பின்னர்க் கண்டு, அவற்றாலேயே ஐந்தும் அமைத்தனர். இந்நாளில், திசுவை உள்ளிட்டால் இரண்டரை மணி நேரத்தில் விடை கூறும் ஐடில்லா என்னும் பொறியும், நூற்றுக்கணக்கான இடங்களை ஒருங்கே வாசிக்கும் புதிய வரிசைமுறை வாசிப்பும் வந்துள்ளன.

புதியது வந்தபின் பழையவை வேண்டா என்பார் கூற்றுக்கு நாம் உடன்படோம். ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்தில் இடறுகின்றது. தொழிலிழந்த புரதமும் சில வேளை சாயமேற்று நிற்கும். ஆசனத்தில் அமர்ந்தபடியே உறங்கும் காவலனைக் கண்டு, காவல் உண்டு என்று மயங்குவது போன்றது அது. நீளமளக்கும் சோதனையோ எம்.எஸ்.எச்.6 மட்டும் அழிந்த கட்டியைச் சில வேளை தவறவிடுகின்றது. குடற்புற்றை வைத்து வகுத்த இடங்களாதலின், கருப்பைப் புற்றில் ஓரிரண்டு எழுத்தளவே நேரும் மாறுதல் கண்ணுக்குத் தப்பலாம். எடுத்த துண்டில் புற்றணுக்கள் மிகக் குறைவாயின் வழு மறைந்துபோம். புதிய வாசிப்பும் எல்லையெண் ஒன்றை வகுத்தே தீர்ப்புக் கூறுகின்றது. அவ்வெண்ணோ முறைக்கு முறை வேறுபடும்.

பிழையின் விலை யாது? 2015-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், திருத்தற்குறையுடைய குடற்புற்றாளர் பதின்மருள் நால்வர்க்குப் பெம்ப்ரோலிசுமாபினால் கட்டி சுருங்கிற்று. அக்குறையில்லாத பதினெண்மருள் ஒருவர்க்கும் சுருங்கவில்லை. பிரான்சு தேசத்து மருத்துவர் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது. இக்குறியை நம்பி இவ்வகை மருந்து பெற்ற குடற்புற்றாளர் 38 பேருள் ஐவர்க்கு அது தொடக்கத்திலேயே பலிக்கவில்லை. அவர்தம் திசுவை மீளவும் ஆராய்ந்தபோது, மூவர்க்கு முதற்சோதனையே பிழையாயிருந்தது! மருந்து தோற்றதன்று, வாசித்தவர் தோற்றனர். அம்மூவரும் தமக்குரிய வேறு சிகிச்சையைப் பெறாது இழந்த நாட்களை யார் மீட்டளிப்பர்?

நோயாளியோடு முடியாத வேறொரு காரியமும் உண்டு. 1895-இல் மிச்சிகனில் ஆல்டிரெட் வார்த்தின் என்னும் நோய்க்கூற்று ஆசிரியரிடம் ஒரு தையற்காரப் பெண், தன் குலத்தார் பலரும் குடலிலும் வயிற்றிலும் கருப்பையிலும் புற்றுக் கண்டு மாண்டனர், தானும் அங்ஙனமே மாள்வாள் என்று கூறினாள். அவள் சொற்படியே கருப்பைப் புற்றினால் இறந்தாள். வார்த்தின் 1913-இல் அக்குடும்பத்தின் வரலாற்றை வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்பார் பின்னர் இத்தகைய குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய, அக்குலநோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் அக்குடும்பத்தின் பழுது எம்.எஸ்.எச்.2 என்னும் மரபணுவிலே உளதெனக் கண்டனர். நீளமளக்கும் சோதனை ‘வழு உண்டு’ என்னுமேயன்றி, எந்தத் திருத்துவோன் இல்லை என்று சொல்லாது. சாயச்சோதனையே அவனைச் சுட்டுகின்றது. அதுகொண்டே உடன்பிறந்தாரையும் மக்களையும் முன்கூட்டி எச்சரிக்கலாம். எம்.எல்.எச்.1 மறைந்ததாயின் உடனே குலநோய் என்று அஞ்சவும் வேண்டா. பெரும்பாலும் அது பிறப்பில் வந்ததன்று, அம்மரபணு பிற்காலத்தில் வாயடைக்கப்பட்டதன் பயன். அதனைப் பிரித்தறியத் தனிச்சோதனை உண்டு.

ஆதலின் குடற்புற்று, கருப்பைப்புற்று உடையார் யாவர்க்கும் சாயச்சோதனை முதலில் நிகழவேண்டும் என்பதும், இக்குறியை நம்பி மருந்து தொடங்குமுன் பி.சி.ஆர். சோதனையும் உடன் வேண்டும் என்பதும் நம் கருத்து. ஒரே சாட்சியின் வாக்கால் ஒருவனையும் தீர்க்கலாகாது என மோசேயின் நியாயப்பிரமாணமும் விதித்ததன்றோ? இரண்டும் முரணுமிடத்தே புதிய வாசிப்பை அழைக்கலாம். செலவு மிகும் என்பார்க்கு, இம்மருந்து ஒரு தவணைக்கு ஆகும் பணத்தோடு இரண்டாம் சோதனையின் கூலியை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். சோதனைக்கென நோயாளியை மறுபடி அறுக்கவும் வேண்டுவதில்லை. முதலில் எடுத்த துண்டு மெழுகிற் பதிந்து மருத்துவமனை அலமாரியிலேயே இருக்கின்றது.